மேன்மை தங்கிய விதவை

மாட்ரிட்
14 ஜூன் 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

அம்ருதா எழுதுகிறேன். நான்கு மாதமாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. கோவிந்த் மாமாவிடம் கேட்டேன். "எழுதச் சொல்லு, படிக்கணும்னு தோணுனா படிக்கேன்" என்றீர்களாம். அதனால் தமிழில் எழுதுகிறேன். மலையாளம் என்றால் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன், ஆனால் உங்களுக்குப் படிக்க வராது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைத் தேடிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க இந்த ஊருக்கு வந்தேன். அந்த வாக்கை ஜனவரியில் மீறினேன். அவர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகப் பேப்பரில் இரண்டு வரி வந்திருந்தது. ஆறு தடவை போனேன். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் நெற்றியைப் பார்த்து "சங்கரி" என்று உங்கள் பெயரைச் சொன்னார். கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். அதற்காகத்தான் உங்கள் கோபம் என்று தெரியும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்துபோனார்.

மறுநாள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு மரண அறிவிப்பு. கறுப்புக் கட்டம், மேலே சிலுவை. 'மேன்மை தங்கிய திருவாளர் தோன் ஆல்வரோ' என்று ஆரம்பித்து, நான்கு குடும்பப் பெயர்கள், பிறகு 'வால்சொம்ப்ரியாவின் பதின்மூன்றாவது மர்க்கேஸ், ஸ்பெயினின் கிராந்தே' என்று போகிறது. தோன் என்பது வெறும் மரியாதைச் சொல், பெண்ணுக்குத் தோன்யா. மர்க்கேஸ் என்பது இங்கே பிரபுக்களுக்குத் தரும் பட்டம், பெண் என்றால் மர்க்கேசா. கிராந்தே அதற்கும் மேல். முன்காலத்தில் ராஜாவின் முன்னால் தொப்பியைக் கழற்றாமல் நிற்கும் உரிமை கிராந்தேகளுக்கு இருந்ததாம். கீழே 'அவர் மனைவி, மேன்மை தங்கிய சீமாட்டி தோன்யா பெயாத்ரிஸ். அவர் மகன் கொன்சாலோ' என்று இருந்தது. மகள் என்று ஒரு சொல் இருக்குமா என்று கடைசி வரி வரைக்கும் தேடினேன். எதற்காகத் தேடினேன் என்று தெரியவில்லை.

எங்கள் கல்லூரியில் சட்டம் சொல்லித்தரும் வக்கீலம்மாவிடம் ஒரு நாள் இதைச் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "உன் அம்மாவுக்குப் பதிவுத் திருமணமா? அப்படியானால் மூத்த வாரிசு நீதான். ஒரு வருஷத்துக்குள் பட்டத்தைக் கேட்கலாம்" என்றார். எனக்கு அது வேண்டாம். செத்தவரின் வீட்டோடு சண்டை பிடிக்கத் தெம்பில்லை. நீங்கள் போனை எடுத்தால் போதும்.

அம்ருதா


மட்டாஞ்சேரி
3 ஜூலை 2023

அம்ருதாவுக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறாய். ஆறு தடவை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் என்மேல் மரியாதை வந்துவிட்டதா?

அவன் செத்த செய்தியைக் கோவிந்த் வந்து சொன்னபோது கடையில் ஒரு வெண்கல விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன்.

பழைய கதவு, தூண் வாங்க அவன் ஜூ டவுனுக்கு வந்தது தொண்ணூற்றொன்பதில். எனக்கு இருபத்திரண்டு வயது. உன் தாத்தா பிச்சை குடோனில் இஞ்சி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், நான் பழம்பொருள் கடையில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு மாதம் என்று வந்து மூன்று வருஷம் இருந்தான். இரண்டாயிரம் மார்ச்சில் பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம். கோவிந்தும், குடோனில் அப்பாவோடு மூட்டை தூக்கிய சுடலைமணியும் சாட்சி. அடுத்த ஜனவரியில் நீ பிறந்தாய். அவன் வீட்டில் அவன் இரண்டாவது பிள்ளை. அண்ணனுக்குத்தான் பட்டம். அந்த அண்ணன் 2002-இல் கார் விபத்தில் போய்ச்சேர்ந்தார். பத்து நாளில் வருகிறேன் என்று சாவுக்குப் போனவன் வரவே இல்லை. பட்டம் அவன் பக்கம் திரும்பியதும் நாம் அவனுக்கு இடைஞ்சலாகிவிட்டோம்.

2004-இல் உன் போட்டோ வைத்து அவனுக்கு எழுதினேன். பதில் அவள் எழுதினாள், அந்த பெயாத்ரிஸ். கிரீடம் அச்சடித்த தாளில், இங்கிலீஷில். 'என் கணவரிடம் இந்தியாவில் வேலை பார்த்த பெண்ணுக்கு' என்று ஆரம்பித்திருந்தாள். இனி எழுதினால் போலீசுக்குப் போவோம் என்று முடித்திருந்தாள். நான் அவனிடம் வேலை பார்த்தவளாம்.

இதெல்லாம்கூட நான் விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது ஒன்று இருக்கிறது. உன்னிடம் மட்டும் இல்லை, யாரிடமும் சொன்னதில்லை.

2011 ஜனவரி. அப்போதுதான் இந்தக் கடைக்கு மாறியிருந்தேன். புது முதலாளிக்கு என் கதை தெரியாது, எனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் வரும் என்று மட்டும் தெரியும். பகல் பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக்காரன் உள்ளே வந்தான். அவன். என்னைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான் அம்ருதா, மறதியெல்லாம் இல்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி அவளைக் கூப்பிட்டான். அவள் வந்து ஒரு நெட்டூர்ப் பெட்டியை எடுத்துப் பார்த்தாள், பழைய நகைப்பெட்டி. முதலாளி "மேடம், மேடம்" என்று பின்னாலேயே போனார். அவன் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில், "இவர் மர்க்கேசா. எங்கள் நாட்டில் இவரை எக்ஸெலெந்தீசிமா சென்யோரா என்றுதான் அழைக்க வேண்டும்" என்றான். முதலாளிக்கு நாக்கு புரளவில்லை. என்னைப் பார்த்து, "சங்கரிக்கு ஸ்பானிஷ் அறியாமல்லோ, நீ பறை" என்றார். உனக்குத்தான் ஸ்பானிஷ் தெரியுமே, நீ சொல் என்று.

நான் பெட்டியைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டி, சொன்னேன். எக்ஸெலெந்தீசிமா சென்யோரா. மேன்மை தங்கிய சீமாட்டியே. அவன் "கிராசியாஸ்" என்று நன்றி சொன்னான். என் புருஷன், என் வாயாலேயே, இன்னொருத்தியை அவன் பெண்டாட்டி என்று கூப்பிட வைத்தான்.

நீ எனக்குப் போன் பண்ண வேண்டாம். போனில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். வக்கீலம்மாவிடம் போ. அந்தப் பட்டத்தை எடு. எடுத்துவிட்டு எழுது.

சங்கரி


மாட்ரிட்
20 ஆகஸ்ட் 2023

அம்மா,

நீ எழுதியதை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். படிக்கும்போதெல்லாம் கடைக்காரர் குரல்தான் காதில் விழுகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. அன்றைக்கு ஸ்கூல் விட்டு வந்து உன்னிடம் என்ன கேட்டேன், நீ என்ன சமைத்திருந்தாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நீ எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை.

நானும் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். ஆஸ்பத்திரியில் கடைசித் தடவை நான் இருக்கும்போது அவர் மனைவியும் மகனும் வருவதாகத் தகவல் வந்தது. அவர் உடனே நர்ஸைக் கூப்பிட்டு, என்னைப் பின்பக்கக் கதவு வழியாக அனுப்பச் சொன்னார். சாகக் கிடக்கும்போதும் என்னை ஒளித்தார். நான் துணி மாற்றும் அறை வழியாக வெளியே வந்து, அவர் வலியில் இருக்கிறார், அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தச் சமாதானம் செல்லவில்லை.

வக்கீலம்மா முதல் கடிதம் அனுப்பியதும் அந்த பெயாத்ரிஸ் என்னைச் சாயா குடிக்க அழைத்தாள். போனேன். மிகவும் மரியாதை. தானே கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள். பட்டத்தின்மீது எனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் அப்பாவின் குடும்பப் பெயரை நான் வைத்துக்கொள்ள ஆட்சேபம் இல்லையாம்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "எங்கள் வீட்டில் பட்டம் கேட்பவர்களுக்கு வருவதில்லை. யாரை எதிர்பார்த்திருந்தோமோ அவர்களுக்கு வருகிறது. உன் அம்மாவுக்கு அவர்மேல் பிரியம் இருந்திருக்கலாம். பலருக்கு இருந்தது."

தாளைத் திருப்பி அவள் பக்கமே நகர்த்திவிட்டு எழுந்தேன். சாயாவைக் குடிக்கவில்லை.

சட்டம் இப்படி. முன்பெல்லாம் மகள் மூத்தவளாக இருந்தாலும் தம்பி இருந்தால் பட்டம் அவனுக்குத்தான். 2006-இல் அதை மாற்றிவிட்டார்கள். ஆணோ பெண்ணோ, மூத்தது யாரோ அவர்களுக்கு. கொன்சாலோ என்னைவிட மூன்று வயது சின்னவன். அடுத்தது, உன் திருமணம் ரத்தாகாமலே அவர் அவளைக் கட்டியிருக்கிறார். அதனால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று கேட்கலாம். கேட்கப்போகிறேன்.

ஒன்று தெரிந்துகொள். இந்தப் பட்டத்தோடு ஒரு செங்கல்கூட வராது. வீடு, நிலம் எல்லாம் தனி. அதை நான் தொடவில்லை. பட்டம் என்றால் உறையின்மேல் எப்படி எழுதுவார்கள், அறைக்குள் போனால் எப்படி அழைப்பார்கள், அவ்வளவுதான். சாதாரண மர்க்கேஸ் என்றால் 'இலுஸ்த்ரீசிமோ', சிறப்பு மிக்கவர். கிராந்தேயும் சேர்ந்தால்தான் 'எக்ஸெலெந்தீசிமோ', மேன்மை தங்கியவர். அந்த ஒரு படி வித்தியாசத்துக்காக இங்கே அண்ணன் தம்பிகள் கோர்ட்டில் வயதாகிப் போகிறார்கள் என்று வக்கீலம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அழைக்கும் விதத்தைத்தானே உன்னிடமிருந்து பிடுங்கினார்கள்.

திருமணச் சான்று வேண்டும், வெளிநாட்டில் செல்லும்படி முத்திரை வைத்தது. சாட்சிகளின் வாக்குமூலமும் வேண்டும். சீக்கிரம் அனுப்பு.

அம்ரு


மட்டாஞ்சேரி
9 அக்டோபர் 2023

அம்ரு,

கேட்டதெல்லாம் இந்த உறையில் இருக்கிறது. பதிவு ஆபீஸில் பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவன் கையெழுத்து. அந்தப் பக்கத்தை மூடவிடாமல் இரண்டு தடவை பார்த்தேன். கோபத்தில் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

கோவிந்த் நோட்டரி முன்னால் போய் உடனே கையெழுத்துப் போட்டான். சுடலைமணிக்குத்தான் தயக்கம். இப்போது அவர் குடோனில் மேஸ்திரி, வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டு எர்ணாகுளம் வரைக்கும் என்னோடு வந்தார். போட்டில் போகும்போது, "இத்தனை வருசம் கழிச்சு அவன் பொண்டாட்டினு நிரூபிக்கப் போறியா சங்கரி" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

உனக்குத் தெரியாததால் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் மனைவி மாடத்தி காலமாகி இரண்டு வருஷம் ஆனபிறகு, என்னைக் கேட்டார். நான் கல்யாணமானவள் என்று சொல்லிவிட்டேன். சட்டப்படி அது உண்மைதானே. விவாகரத்து வாங்கியிருக்கலாமே என்று நீ கேட்பாய். வாங்கியிருந்தால் அவனை விட்டுவிட்ட மாதிரி ஆகியிருக்கும். அவன் எந்த நாட்டில் எப்படி உட்கார்ந்திருந்தாலும், இங்கே ஒரு புத்தகத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது.

அவள் சொன்ன வார்த்தையை மறந்துவிடாதே. 'பலருக்கு இருந்தது.'

அம்மா


மாட்ரிட்
3 மார்ச் 2025

அம்மா,

முடிந்தது.

நவம்பரில் கோர்ட் அந்தக் கல்யாணத்தைச் செல்லாது என்று சொன்னதைக் கோவிந்த் மாமா மூலம் உனக்குத் தெரிவித்திருந்தேன். ஜனவரி கடைசியில் அமைச்சகத்திலிருந்து ராஜாவின் பெயரில் சாசனம் வந்தது. வால்சொம்ப்ரியாவின் பதினான்காவது மர்க்கேசா, ஸ்பெயினின் கிராந்தே, தோன்யா அம்ருதா. வக்கீலம்மா அதை வாசித்துக் காட்டும்போது நான் உன் பெயரைத்தான் காத்துக்கொண்டிருந்தேன். தாயார் பெயர் இருக்கும் இடத்தில் இருந்தது. சங்கரி பிச்சை.

அவள் என்ன ஆனாள் என்று நீ முதலில் கேட்பாய். அச்சடித்த கார்டுகளைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. கதவில் இருந்த பித்தளைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள், இரண்டு ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது. நான் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகப் போய்ப் பார்த்தேன். அவளுடைய கட்டடத்துக் காவலாளி இப்போது "சென்யோரா பெயாத்ரிஸ்" என்று மட்டும் கூப்பிடுகிறார். அவர்கள் பட்டியலில் அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை.

விதவை நீ. அதற்கும் இங்கே ஒரு முறை இருக்கிறது. இறந்த மர்க்கேஸின் மனைவி 'விதவை மர்க்கேசா' என்று எழுதிக்கொள்ளலாம். மேன்மை தங்கிய சீமாட்டி என்ற அழைப்பும் அவளுக்கு உண்டு. மறுமணம் செய்யாத வரைக்கும் அது நிலைக்கும்.

பிப்ரவரி ஒன்பது, இரண்டாம் வருஷ நினைவு நாள். அதே பத்திரிகையில், அதே அரைப் பக்கத்தில் நான் அறிவிப்புக் கொடுத்தேன். கத்தரித்து அனுப்பியிருக்கிறேன். 'அவர் விதவை, மேன்மை தங்கிய சீமாட்டி தோன்யா சங்கரி பிச்சை, வால்சொம்ப்ரியாவின் விதவை மர்க்கேசா' என்ற வரியை நன்றாகப் பார். அன்றைக்கு இந்த ஊரில் காப்பி குடித்துக்கொண்டே பேப்பர் படித்த எல்லாரும் தாத்தாவின் பெயரைப் படித்தார்கள். பிச்சை.

ஒரு விஷயம் மட்டும் தொந்தரவாக இருக்கிறது. அமைச்சகத்தின் வராந்தாவில் கொன்சாலோவைப் பார்த்தேன். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. "எனக்கு ஐந்து வயதிலிருந்து எப்படிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பழக்கினார்கள். நேற்று பாங்கில் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்" என்றான். அவனுக்கும் என் நெற்றிக்குக் கீழே உள்ள அதே மூக்கு, அப்பாவின் மூக்கு. அவன் அம்மா சாயா ஊற்றிக் கொடுத்ததை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

இப்போதாவது போனை எடுப்பாயா?

அம்ரு


மட்டாஞ்சேரி
28 ஏப்ரல் 2025

அம்ரு,

அவள் இங்கே வந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டமில்லாத நேரம். முடியெல்லாம் நரைத்து, ஒரு சின்னப் பையோடு வாசலில் நின்று, விதவை மர்க்கேசாவைப் பார்க்க வேண்டும் என்றாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து எழுந்து வந்து, நான்தான் என்றேன். முதலாளி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். இங்கிலீஷில் பேசினாள். பட்டத்துக்காக வரவில்லை, மகனுக்காகவும் வரவில்லையாம். இருபது வருஷம் ஒரு பெயரில் வாழ்ந்துவிட்டாளாம். கோவிலில், உறவில், படுத்த படுக்கையாக இருக்கும் அவள் தாயாரின் அறையில்கூட அந்தப் பெயர்தானாம். சாகும்வரை அவருடைய விதவை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் ஆட்சேபிக்காமல் இருந்தால் வேறு யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள்.

நான் 2011-ஐச் சொன்னேன். நெட்டூர்ப் பெட்டி, துணி, இரண்டு கை, அந்த வார்த்தை. அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. பதினான்கு வருஷமாக நான் தினமும் நினைத்த பகல் அவளுக்கு ஒரு பெட்டி வாங்கிய பகல். அந்தப் பெட்டிகூட எங்கே போனதென்று தெரியவில்லையாம்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்கள் உள்ளே இருந்தது அவருக்குத் தெரியுமா?"

"உன்னைக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே என்னைப் பார்த்துட்டான்" என்றேன், எனக்கு வரும் இங்கிலீஷில்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு அவளே சொல்லத் தொடங்கினாள். 2004-இல் வந்த என் கடிதத்தை ஒரு வேலைக்காரி பணம் பிடுங்க எழுதியது என்று அவன் சொன்னானாம். பதிலை அவன் வாசகம் வாசகமாகச் சொல்லச் சொல்ல இவள் எழுதினாளாம். கல்யாணத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது உன் வக்கீல் கடிதம் வந்த பிறகுதானாம். நம்பினேன். பொய் சொல்பவர்களின் முகம் எனக்குத் தெரியும், அப்படி ஒருவனோடு குடும்பம் நடத்தியவள் நான்.

ஆனாலும் விடவில்லை. அன்றைக்கு நான் உன்னை எப்படிக் கூப்பிட்டேனோ அப்படி என்னைக் கூப்பிடு என்றேன். அவள் எழுந்தாள். பையைத் தரையில் வைத்தாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தலை குனிந்து, "எக்ஸெலெந்தீசிமா சென்யோரா" என்றாள். குரல் நடுங்கவில்லை, கேலியும் இல்லை. அவளுக்கு முறை என்றால் முறைதான் போலிருக்கிறது. முறைப்படி நான் மர்க்கேசா, அதனால் குனிந்தாள்.

பொய் சொல்ல மாட்டேன் அம்ரு, இனித்தது. இரண்டு நிமிஷம் நன்றாக இனித்தது.

அந்தப் பெயரைத் தர முடியாது என்றேன். தலையாட்டினாள். முதலாளி வாங்கிவந்த சாயாவில் பாதி குடித்தாள். ஜெட்டிக்கு வழி கேட்டுப் போய்விட்டாள்.

அதிலிருந்து தூக்கம் சரியில்லை. அவள்மேல் பரிதாபம் என்று நினைக்காதே. 'பலருக்கு இருந்தது' என்று சொன்ன வாய்தான் அது. ஆனால் இருபது வருஷமாக என் கோபத்துக்கு நான் அவள் முகத்தைக் கொடுத்து வைத்திருந்தேன். அவன் அதையும் அவள் தலையில் தள்ளிவிட்டுத் தப்பித்துப் போயிருக்கிறான். நாம் பட்டத்தைப் பிடுங்கினோம், பலகையைக் கழற்ற வைத்தோம். அவனுக்கு என்ன குறைந்தது? சலவைக்கல்லுக்கு அடியில் எல்லாப் பெயரோடும் படுத்திருக்கிறான். போதாததற்கு, மேன்மை தங்கிய விதவையாக என்னையும் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். என்னை வாசலில் விட்டுப் போனவனுக்கு நான் ஆயுள் முழுக்க விதவைக் கோலத்தில் அலங்காரமா?

மறுமணம் செய்யாத வரைக்கும் என்று நீ எழுதியிருந்தாய். நேற்று அந்த வரியை மறுபடி படித்தேன். நான் வேறொருவரைக் கட்டிக்கொண்டால் அவனுக்கு நான் விதவை இல்லை. அவளும் இல்லை. எந்தக் காகிதத்திலும் அவனுக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்க மாட்டாள். அதுதான் எனக்கு வேண்டும்.

இன்று காலை சுடலைமணியிடம் கேட்டேன்.

அம்மா


மாட்ரிட்
16 மே 2025

அம்மா,

இரண்டு வருஷம் நான் அந்த ஒரு வரிக்காகச் சண்டை போட்டேன். மூன்று மாதம்கூட வைத்துக்கொள்ளாமல் தூக்கிப்போடுகிறேன் என்கிறாய். படித்ததும் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

கொன்சாலோவுக்கு நான் போன் பண்ணினேன். ஏன் என்று கேட்காதே. அவனுடைய அம்மா கொச்சியிலிருந்து திரும்பிய பிறகு அப்பாவின் படங்களையெல்லாம் சுவரிலிருந்து இறக்கிவிட்டாளாம். அவனும் நானும் அடுத்த வாரம் சந்திக்கிறோம். என் பட்டத்தை நான் விட மாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அவன் எனக்கு எதிரி இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுடலைமணி மாமாவை நீ எதற்காகக் கட்டிக்கொள்கிறாய்? அப்பாவைப் பழிவாங்க மட்டும் என்றால் அது மாமாவுக்குச் செய்யும் துரோகம். அப்பா உன்னை வைத்துச் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு எல்லாம் தெரியுமா?

அம்ரு


மட்டாஞ்சேரி
11 ஜூன் 2025

அம்ரு,

நீ கேட்டது நியாயம். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு நேராகக் குடோனுக்குப் போனேன். மிளகு மூட்டைகளுக்கு நடுவில் அவரை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். அவனை வெறும் ஆளாக்கத்தான் இந்த யோசனை முதலில் வந்தது என்றும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் சங்கரி. எர்ணாகுளத்துக்குப் போட்டுல போறப்பவே தெரியும். அதுக்குன்னாலும் சரி, எனக்குன்னாலும் சரி, நீ வந்தாப் போதும்னுதான் இருந்தேன். ஆனா வந்த பெறகு வீட்டுல அவன் பேச்சு வேண்டாம்" என்றார்.

அம்ரு, எனக்கு வெட்கமாகிவிட்டது. பதினான்கு வருஷம் ஒரு மனிதரை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறேன், ஒரு புத்தகத்தில் மாட்டிக்கொண்ட பெயருக்காக. சரி என்று சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று இப்போது நீ கேட்டால், அவருக்காக என்பதும் அதில் பாதி. மீதிப் பாதியை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நேற்று பதிவு ஆபீஸுக்குப் போனோம். முப்பது நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், அதற்கு விண்ணப்பம். எழுத உட்கார்ந்த கிளார்க் சின்னப் பெண். தொழில் என்ன என்றாள். கடை ஊழியர் என்றேன். நிலை என்றாள். விதவை என்றேன். முதல் புருஷனின் மரணச் சான்றைக் கேட்டாள், நீ அனுப்பியதைக் கொடுத்தேன். அதில் அவன் பெயர் மூன்று வரிக்கு இருந்தது. அவள் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

"சேச்சி, இதில் ஏதா பேரு?"

"ஆல்வரோ" என்றேன்.

"பின்னே உள்ளதொக்க?" என்று மீதி வரிகளைக் காட்டினாள்.

"அதெல்லாம் வேண்டாம். ஆல்வரோ. அம்புட்டுதான்."

அவள் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். சுடலைமணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எழுந்து வந்து தன் கையெழுத்தைப் போட்டார்.

ஜூலை பதினான்காம் தேதி கல்யாணம். லீவு கிடைத்தால் வா. அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வருவதானால் முன்னாடியே சொல், சோறு கூட வைக்க வேண்டும்.

இன்று ராத்திரி போன் பண்ணு. எடுப்பேன்.

அம்மா